குடத்துக்குள்ள யாரோட பேரு இருந்துச்சு?

(ஒலிப்பதிவின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம்)

உங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல இந்த மெசேஜ் ஒரு தடவையாவது வந்திருக்கும். உலகத்துக்கே ஜனநாயகத்தைச் சொல்லிக்கொடுத்தது நாமதான், ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாடியே உத்திரமேரூர்ல குடவோலை முறையில தேர்தல் நடந்துச்சுன்னு. கீழே கோயில் படம் ஒண்ணு, நாலஞ்சு கைகூப்பும் எமோஜி.

அந்த மெசேஜை நான் கிண்டல் பண்ணப் போறதில்ல. குடவோலை நிஜம். கல்லுல வெட்டி வெச்சிருக்காங்க, இன்னைக்கும் போய்ப் பாக்கலாம். ஆனா அந்தக் கதையை நாம பாதியிலேயே நிறுத்திடறோம். குடம் இருந்துச்சு, ஓலை இருந்துச்சு, சரி. அந்த ஓலைகள்ல யாரோட பேரெல்லாம் இருந்துச்சு, யாரோட பேரு இல்ல, இல்லாதவங்க பேரு உள்ளே வர எத்தனை வருஷம் ஆச்சுங்கிறதுதான் மீதிக்கதை. அது பெரும்பாலும் காவிரி டெல்டாவுல நடந்த கதை. அதனால இன்னைக்கு நாம நன்னிலம் பக்கம் போறோம்.

நன்னிலம் எங்க இருக்குன்னு சென்னையில கேட்டா பலருக்குத் தெரியாது. மயிலாடுதுறையிலிருந்து திருவாரூர் போற ரயில் பாதையில பேரளம், பூந்தோட்டம் தாண்டினா வரும். ஊர்ப் பேருக்கு அர்த்தம் சொல்லவே வேண்டாம், நல்ல நிலம். சுந்தரர் பாடின பழைய ஊர். 1991 வரைக்கும் தஞ்சாவூர் மாவட்டத்துல இருந்துச்சு, அப்புறம் நாகப்பட்டினம் மாவட்டம், 1997-லிருந்து திருவாரூர் மாவட்டம். வீடு மாறாமலே ஆறு வருஷத்துல ரெண்டு தடவை மாவட்டம் மாறின ஊர். சுத்திலும் நெல் வயல், வாய்க்கால், ஊருக்கு ஒரு சிவன் கோயில். இந்த மண்ணுல கூட்டம் போட்டு முடிவெடுக்கிறதுங்கிறது ரொம்பப் பழைய பழக்கம். அந்தக் கூட்டத்துல யாரை உட்கார வெச்சாங்கங்கிறதுதான் கேள்வி.

கழுதை ஏறினவங்களுக்கு இடமில்லை

முதல்ல குடவோலையைப் பாத்துடுவோம். உத்திரமேரூர் காஞ்சிபுரம் பக்கம் இருக்கு, டெல்டாவுல இல்ல. ஆனா டெல்டாவுக்கும் அதுக்கும் ஒரு தொடர்பு இருக்கு, சொல்றேன்.

முதலாம் பராந்தக சோழன் காலத்துல ரெண்டு கல்வெட்டு. ஒண்ணு 919, இன்னொண்ணு 921. ரெண்டும் அந்த ஊர்ச் சபை தனக்குத் தானே போட்டுக்கிட்ட விதிமுறை. ஏன் ரெண்டு வருஷத்துல ரெண்டு தடவை? முதல் தடவை போட்ட விதியைத் திருத்தி எழுதியிருக்காங்க. உதாரணத்துக்கு, முதல்ல 30 வயசுக்கு மேல 60-க்குள்ள இருந்தா போதும்னு இருந்தது, ரெண்டாவதுல 35-க்கு மேல 70-க்குள்ளன்னு மாறுது. நடைமுறையில பார்த்து, சரிப்படலைன்னா மாத்திக்கிறாங்க. அந்த நிதானம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ரெண்டாவது கல்வெட்டுல, அந்தத் திருத்தம் நடந்தப்போ மன்னர் சார்பா கூட இருந்த அதிகாரியோட ஊரும் சொல்லியிருக்கு. அவர் சோழநாட்டுப் புறங்கரம்பை நாட்டைச் சேர்ந்தவர், சோமாசிப் பெருமான்னு பேரு. அதாவது காவிரி நாட்டிலிருந்து போன ஆள். நான் சொன்ன தொடர்பு இதுதான்.

முறை என்னன்னா, ஊரை 30 குடும்பாப் பிரிச்சிருந்தாங்க, இன்னைக்கு நாம சொல்ற வார்டு மாதிரி. ஒவ்வொரு குடும்புலயும் தகுதியுள்ளவங்க பேரைத் தனித்தனி ஓலையில எழுதி, குடத்துல போடணும். சபை மொத்தமும் கூடியிருக்கணும். வயசுல மூத்த ஒருத்தர் குடத்தைத் தூக்கி எல்லாருக்கும் காட்டணும். உள்ளே என்ன இருக்குன்னு தெரியாத ஒரு சின்னப் பையன் ஓலையை எடுக்கணும். அதை வாங்குறவர் அஞ்சு விரலையும் விரிச்சு உள்ளங்கையில வாங்கணும், கையில வேற ஓலை ஒளிச்சு வெச்சிருக்கக்கூடாதுன்னு. அப்புறம் சத்தமா வாசிக்கணும். அவர் வாசிச்சதைக் கூட இருக்கிறவங்களும் வாசிக்கணும். இப்படி வந்த 30 பேர்ல 12 பேர் ஆண்டு வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். பதவி 360 நாள்தான்.

யாருக்கெல்லாம் இடமில்லைன்னு ஒரு பட்டியலும் இருக்கு. கடந்த மூணு வருஷத்துல பதவியில இருந்தவங்க வரக்கூடாது. முன்னாடி வாரியத்துல இருந்து கணக்குக் காட்டாதவர் வரக்கூடாது. அவரோட சொந்தக்காரங்களும் வரக்கூடாது. அடுத்தவன் சொத்தை எடுத்தவர், கள்ளக் கையெழுத்துப் போட்டவர், கழுதை மேல ஏறினவர்னு பட்டியல் நீளுது. கழுதை ஏறினவர்னா சும்மா சவாரி போனவர் இல்ல, குத்தம் பண்ணி கழுதை மேல ஏத்தப்பட்டவர். இன்னைக்கு நம்ம வேட்பாளர்கள் மேல இந்தப் பட்டியலை வெச்சுப் பாத்தா எத்தனை பேர் தேறுவாங்கன்னு யோசிச்சுப் பாருங்க.

இப்போ தகுதிப் பக்கம் வாங்க. கால் வேலிக்கு மேல வரி கட்டுற நிலம் இருக்கணும். வேலிங்கிறது டெல்டாக்காரங்களுக்குப் புரியும், சுமார் 6.67 ஏக்கர். கால் வேலின்னா ஒன்றரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேல. சொந்த மனையில வீடு இருக்கணும். வேதம் படிச்சிருக்கணும். வேதப் படிப்பு அதிகமா இருந்தா நிலம் அரைக்கால் வேலி இருந்தாலும் போதும்னு ஒரு சலுகை.

ஆக, இது ஒரு பிராமணக் குடியிருப்போட சபை. பெண்கள் கிடையாது. நிலம் இல்லாதவங்க கிடையாது. மத்த ஊர்கள்ல வெள்ளாளர் கூடின ஊர்னு ஒரு அமைப்பு இருந்தது, வணிகர்களுக்கு நகரம்னு ஒண்ணு இருந்தது. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு சமூகத்துக்கான கூட்டம். கல்வெட்டுகள்ல யாரும் குறையாமக் கூடியிருந்து முடிவெடுத்தோம்ங்கிற அர்த்தத்துல ஒரு தொடர் அடிக்கடி வரும். யாரும் குறையலைன்னா, 'யாரும்'ங்கிற சொல்லுக்குள்ள யார் இருந்தாங்க?

இதுக்குப் பதிலும் கல்லுலயே இருக்கு. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ராஜராஜன் கொடுத்த ஊர்களைப் பத்தின கல்வெட்டுகள்ல, வரி இல்லாத நிலம் எதெதுன்னு பட்டியல் போடுறாங்க. அதுல ஊர் மனை, கோயில், குளம் இதோட பறைச்சேரி வருது, கம்மாணச்சேரி வருது, தீண்டாச்சேரி வருது, பறைச்சுடுகாடு வருது. அந்த மக்கள் இருந்தாங்க. அவங்களுக்குன்னு தனிக் குடியிருப்பும் தனிச் சுடுகாடும் இருந்துச்சு. வரிக் கணக்குல இடம் உண்டு, சபையில கிடையாது. பறைச்சுடுகாடுங்கிற சொல்லை மட்டும் மறந்துடாதீங்க, கொஞ்ச நேரத்துல திரும்ப வரும்.

1948, டெல்லியில ஒரு திருத்தம்

இப்போ ஒரு பெரிய தாண்டல். 1948 நவம்பர், டெல்லி, அரசியல் நிர்ணய சபை. அரசியலமைப்புச் சட்ட வரைவுல கிராமப் பஞ்சாயத்துன்னு ஒரு வார்த்தைகூட இல்லைன்னு காந்தி வழியில வந்த உறுப்பினர்களுக்கு வருத்தம். நவம்பர் 4-ம் தேதி வரைவை அறிமுகப்படுத்திப் பேசுன அம்பேத்கர் அதுக்கு நேரடியாவே பதில் சொன்னார். கிராமத்தை நீங்க கொண்டாடுறீங்க, ஆனா அது குறுகின புத்தியும் அறியாமையும் சாதி, மதப் பிரிவினையும் குடியிருக்கிற இடம், தனிமனிதனை அடிப்படை அலகா வெச்சதுல எனக்கு மகிழ்ச்சிங்கிறதுதான் அவர் பேச்சோட சாரம். நிறைய பேருக்குக் கோபம் வந்தது.

நவம்பர் 22-ம் தேதி ஒரு உறுப்பினர் திருத்தம் கொண்டுவந்தார். கிராமப் பஞ்சாயத்துகளை அமைச்சு, தன்னாட்சி அமைப்பா இயங்கத் தேவையான அதிகாரத்தை அரசு கொடுக்கணும்னு. கொண்டுவந்தவர் கே. சந்தானம். தஞ்சாவூர் மாவட்டத்துல பிறந்தவர். அம்பேத்கர் அந்தத் திருத்தத்தை ஏத்துக்கிட்டார். இன்னைக்கு அது அரசியலமைப்பின் 40-வது பிரிவு. ஆனா அது வழிகாட்டு நெறிமுறைகள் பகுதியில இருக்கு. அரசு செய்யலைன்னா நீதிமன்றத்துக்குப் போய்க் கேட்க முடியாது.

ரெண்டு பேர்ல யார் சரி? இந்தக் கேள்விக்கு டெல்டா மாதிரி இன்னொரு இடம் பதில் சொல்லாதுன்னு நான் நினைக்கிறேன். சந்தானம் பிறந்த அதே மாவட்டத்துல அந்தக் காலத்துல பண்ணையாள் முறை நடந்துக்கிட்டு இருந்துச்சு. மிராசுதாருக்கு நிலம். சேரியில இருக்கிற குடும்பங்கள் தலைமுறை தலைமுறையா அந்தப் பண்ணைக்குக் கட்டுப்பட்ட ஆளுங்க. சவுக்கடி, சாணிப்பால்னு தண்டனைகள் இருந்ததைப் பெரியவங்க இன்னைக்கும் சொல்வாங்க. ஊர்ப் பஞ்சாயத்துன்னு ஒண்ணு கூடும். அதுல சேரிக்காரர் கையைக் கட்டிக்கிட்டு ஓரமா நிப்பார், தீர்ப்பை வாங்கிக்கிறதுக்கு. அம்பேத்கர் பயந்தது இந்தக் கூட்டத்தைப் பத்திதான்.

இதை உடைச்சது பெரும்பாலும் விவசாயத் தொழிலாளர் சங்கங்கள். 1940-கள்ல பி. சீனிவாசராவ் போன்றவங்க வந்து சேரி சேரியா சங்கம் கட்டினாங்க. 1952-ல தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் யாருக்குப் பொருந்தும்னு பாத்தா, ஒரு ஊர்ல ஒரு வேலிக்கு மேல நிலம் வெச்சிருக்கிற மிராசுதாருக்கு. கவனிச்சீங்களா, திரும்பவும் வேலிக் கணக்கு. 921-ல உள்ளே வர்றதுக்குத் தகுதியா இருந்த அளவை, 1952-ல கட்டுப்பாட்டுக்கான அளவா மாறியிருக்கு.

அப்புறம் 1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி. அப்போ அதுவும் தஞ்சாவூர் மாவட்டம்தான். கூலி உயர்வும் சங்கக் கொடியும்தான் பிரச்சினை. ஒரு குடிசைக்குள்ள அடைபட்டு 44 பேர் எரிஞ்சு போனாங்க. பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், எல்லாரும் தலித் மக்கள். கீழமை நீதிமன்றம் தண்டனை கொடுத்த நில உடைமையாளர்களை உயர் நீதிமன்றம் விடுவிச்சது. கூலியைப் பத்திப் பேச வேண்டிய விஷயம், உட்கார்ந்து பேச ஒரு பொதுவான இடம் இல்லாத ஊர்ல, அங்க போய் முடிஞ்சது.

கலந்து பேசுறதுன்னா ஏதோ நாகரிகமான பொழுதுபோக்குன்னு நினைக்கிறவங்க கீழ்வெண்மணியை ஒரு நிமிஷம் நினைச்சுப் பாக்கணும்.

"எழுதுங்க, எழுதிட்டு வாசிங்க"

1993 ஏப்ரல் 24. அரசியலமைப்பின் 73-வது திருத்தம் நடைமுறைக்கு வருது. அடுத்த வருஷம் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994. இதுல ரெண்டு விஷயம் நடந்தது. ஒண்ணு இட ஒதுக்கீடு. பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் தலைவர் நாற்காலியிலேயே பங்கு. பெண்களுக்கு மூணுல ஒரு பங்கா இருந்ததைத் தமிழ்நாடு 2016-ல பாதியா ஆக்குச்சு. இதை எல்லா ஊரும் சும்மா ஏத்துக்கலை. மதுரை மாவட்டத்துல பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்துல தலித் ஒருத்தர் தலைவரா உட்காரக்கூடாதுன்னு 1996-லிருந்து 2006 வரைக்கும் பத்து வருஷம் தேர்தலையே முறையா நடத்த விடலை.

ரெண்டாவது விஷயம் கிராம சபை. அந்த ஊராட்சியோட வாக்காளர் பட்டியல்ல பேரு இருக்கிற எல்லாரும் உறுப்பினர். யாரும் நியமிக்க வேண்டாம், தேர்ந்தெடுக்க வேண்டாம். 18 வயசு ஆகிப் பட்டியல்ல பேரு சேர்ந்தா நீங்க உறுப்பினர். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2-ன்னு வருஷத்துக்கு நாலு தடவையா இருந்தது. அப்புறம் உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22, உள்ளாட்சி தினமான நவம்பர் 1 ரெண்டையும் சேர்த்து ஆறாச்சு. குறைஞ்சபட்ச எண்ணிக்கையும் உண்டு. 500 பேர் வரைக்கும் இருக்கிற ஊராட்சின்னா 50 பேர் வரணும், 3,000 வரைக்கும்னா 100, 10,000 வரைக்கும்னா 200, அதுக்கு மேல 300.

யோசிச்சுப் பாருங்க. குடத்துக்குள்ள போறதுக்குக் கால் வேலி நிலம், சொந்த மனை, வேதம் எல்லாம் தேவைப்பட்ட இடத்துல, இப்போ வாக்காளர் பட்டியல் போதும். ஆயிரத்துச் சொச்சம் வருஷத்துல குடத்தோட வாய் இவ்வளவு அகலமானது இப்போதான்.

நான் டெல்டாவுல சில கிராம சபைகள்ல பின்வரிசையில உட்கார்ந்திருக்கேன். உண்மையைச் சொல்லிடறேன், பாதி நேரம் சலிப்பாத்தான் இருக்கும். ஒரு சாமியானா, வாடகைப் பிளாஸ்டிக் நாற்காலி, கரகரன்னு ஒரு மைக். ஊராட்சிச் செயலாளர் வரவு செலவை மூச்சு விடாம வாசிப்பார். நூறு நாள் வேலைக்குப் போற பெண்கள் நிறையப் பேர் வந்திருப்பாங்க. வருகைப் பதிவேட்டுல கையெழுத்து வாங்குறதுலயே பாதி நேரம் போயிடும்.

ஆனா ஒரு ஊர்ல, ஊர்ப் பேரு வேண்டாம், ஐம்பது வயசு இருக்கும், ஒரு அம்மா எழுந்திருச்சாங்க. "எங்க தெரு சுடுகாட்டுக்குப் பாதை இல்லைங்க. மழைக்காலத்துல பொணத்தை வயல் வழியாத் தூக்கிட்டுப் போறோம். நடவு முடிஞ்ச வயல்ல எறங்கினா வயக்காரங்க சத்தம் போடுறாங்க." மேடையிலிருந்து, "சரிம்மா, குறிச்சுக்கிறோம்"னு பதில் வந்தது. அந்த அம்மா உட்காரலை. "குறிச்சுக்க வேணாம் தம்பி. தீர்மானமா எழுதுங்க. எழுதிட்டு வாசிங்க, நான் கேக்குறேன்."

எழுதினாங்க. வாசிச்சாங்க. அதுக்கப்புறம்தான் உட்கார்ந்தாங்க.

ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி பறைச்சுடுகாடுன்னு வரிக் கணக்குல எழுதி வெச்ச விஷயத்தை, இன்னைக்கு அந்தத் தெருவோட ஆள் எழுந்து நின்னு தீர்மானமா எழுதச் சொல்றாங்க. அஞ்சு விரலையும் விரிச்சு ஓலையை வாங்கி எல்லார் முன்னாடியும் வாசிக்கச் சொன்ன உத்திரமேரூர்க்காரங்களுக்குத் தெரிஞ்ச ஒரு ரகசியம், இந்த அம்மாவுக்கும் தெரிஞ்சிருக்கு. பேசினது காத்துல போயிடும், எழுதி வாசிச்சது நிக்கும்.

2020, ஒரே ஜனவரியில மூணு சம்பவம்

சரி, எழுதின தீர்மானத்துக்கு என்ன பலம்? இதுக்கு டெல்டாவோட மீத்தேன் கதையைப் பாக்கணும்.

2010-ல மன்னார்குடி வட்டாரத்துல நிலக்கரிப் படுகையிலிருந்து மீத்தேன் எடுக்க ஒரு தனியார் நிறுவனத்தோட மத்திய அரசு ஒப்பந்தம் போட்டுச்சு. தஞ்சாவூர், திருவாரூர் மாவட்டங்கள்ல 691 சதுர கிலோமீட்டர். மீத்தேன் வெளிய வரணும்னா முதல்ல நிலத்தடித் தண்ணியை வெளியேத்தணும். நெல் விளையுற ஊர்ல இதுக்கு என்ன அர்த்தம்னு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்ல. நம்மாழ்வார் ஊர் ஊராப் போய்ப் பேசினார். 2013 டிசம்பர் 30-ம் தேதி, அந்தப் பிரச்சாரத்துல இருந்தப்பவே பட்டுக்கோட்டை பக்கம் அத்திவெட்டியில இறந்துபோனார். 2015-ல தமிழ்நாடு அரசு மீத்தேன் திட்டத்துக்குத் தடை போட்டது.

2017 பிப்ரவரியில புதுக்கோட்டை மாவட்டம் நெடுவாசலுக்கு ஹைட்ரோகார்பன் திட்டம் அறிவிச்சாங்க. ஊர் முழுக்கப் போராட்டத்துல உட்கார்ந்தது. அதே வருஷம் ஜூன் 30-ம் தேதி தஞ்சாவூர் மாவட்டம் கதிராமங்கலத்துல எண்ணெய்க் குழாய் உடைஞ்சு தீப்பிடிச்சது.

இந்தக் காலகட்டம் முழுக்க இன்னொரு விஷயம் இருந்தது. 2016 அக்டோபர்ல உள்ளாட்சிகளோட பதவிக்காலம் முடிஞ்சுபோச்சு. தேர்தல் நடக்கலை. 2019 டிசம்பர் 27, 30 தேதிகள்லதான் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்துச்சு, அதுவும் 27 மாவட்டங்கள்ல. மூணு வருஷத்துக்கு மேல ஊராட்சிகளைத் தனி அலுவலர்கள்தான் பாத்தாங்க. நிலத்துக்கு அடியில என்ன பண்ணலாம்னு முடிவு எடுக்கிற நேரத்துல, நிலத்துக்கு மேல இருக்கிறவங்களுக்குத் தலைவரே இல்லை.

2020 ஜனவரிக்கு வாங்க. ஜனவரி 6-ம் தேதி புதுத் தலைவர்கள் பதவி ஏத்துக்கிட்டாங்க. ஜனவரி 16-ம் தேதி மத்திய அரசு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையைத் திருத்துச்சு. எண்ணெய், எரிவாயு இருக்கான்னு ஆய்வு பண்றதுக்கு இனி மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் தேவையில்லைன்னு. பத்தாவது நாள் ஜனவரி 26, கிராம சபை. கேக்கமாட்டோம்னு டெல்லி சொன்னதும், ஊர் தானாவே கூடிச் சொல்லிடுச்சு. டெல்டாவுல பல ஊராட்சிகள் ஹைட்ரோகார்பன் வேண்டாம்னு தீர்மானம் போட்டாங்க.

பிப்ரவரி 9-ம் தேதி அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமா அறிவிக்கப் போறதாச் சொன்னார். பிப்ரவரி 20-ல சட்டமன்றத்துல சட்டம் நிறைவேறிச்சு. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்கள், கூட கடலூர், புதுக்கோட்டையில சில ஒன்றியங்கள். புதுசா எண்ணெய், எரிவாயு, மீத்தேன் எடுக்கத் தடை. தாமிர உருக்காலை, தோல் பதனிடும் ஆலை, கப்பல் உடைக்கிற தளத்துக்கும் தடை. நன்னிலமும் அந்த வரைபடத்துக்குள்ள வந்திடுச்சு.

கிராம சபைத் தீர்மானத்தாலதான் சட்டம் வந்துச்சுன்னு நான் சொல்லமாட்டேன். பத்து வருஷப் போராட்டம், கைது, வழக்கு, நெருங்கி வந்த சட்டமன்றத் தேர்தல் எல்லாம் சேர்ந்து வந்தது. ஆனா போராட்டக்காரங்க நாலு பேர்தான்னு யாரும் தள்ளிவிட முடியாதபடி பண்ணினது அந்தத் தீர்மானங்கள்தான். ஊரோட முத்திரையும் கையெழுத்தும் இருக்கிற காகிதத்தை யாரோ தூண்டிவிட்ட கூட்டம்னு சொல்ல முடியாது.

குறையும் இருக்கு. ஏற்கெனவே ஓடிக்கிட்டிருந்த கிணறுகளை இந்தச் சட்டம் தொடலை. அறிவிப்புக்கும் சட்டத்துக்கும் நடுவுல பதினோரு நாள்தான். ஊரே பேசிப் பேசிக் கொண்டுவந்த விஷயத்தை, கடைசியில மேல இருந்து ஒரே மூச்சுல முடிச்சுட்டாங்க.

கேட்டா மட்டும் போதுமா?

இங்க ஒரு சட்ட நுணுக்கம். டெல்டாவோட கிராம சபைத் தீர்மானம் மத்திய அரசைக் கட்டுப்படுத்தாது. ஆனா ஒடிசாவுல கட்டுப்படுத்துச்சு. நியமகிரி மலையில பாக்சைட் சுரங்கம் தோண்டலாமான்னு 2013 ஏப்ரல்ல உச்ச நீதிமன்றத்துல தீர்ப்பு வந்தப்போ, அங்க இருக்கிற கிராம சபைகள் கிட்ட கேளுங்கன்னு சொன்னாங்க. பன்னிரண்டு கிராம சபை கூடுச்சு, பன்னிரண்டும் வேண்டாம்னு சொன்னது. சுரங்கம் வரலை. வித்தியாசம் என்னன்னா, அவங்களுக்குப் பின்னாடி 2006 வன உரிமைச் சட்டம் இருந்துச்சு. நெல் வயலுக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை.

இன்னொரு உதாரணம் அயர்லாந்து. 2016-ல அங்க குடிமக்கள் பேரவைன்னு ஒண்ணு அமைச்சாங்க. 99 பேர், வயசு, ஆண் பெண், ஊர், வர்க்கம்னு நாட்டோட கலவை வர்ற மாதிரி குலுக்கல் முறையில எடுத்தாங்க. நம்ம குடவோலையேதான்! கருக்கலைப்புத் தடையைப் பத்தி அவங்க வாரக்கடைசிகள்ல உட்கார்ந்து, மருத்துவர், வழக்கறிஞர், பாதிக்கப்பட்ட பெண்கள் எல்லார் பேச்சையும் கேட்டு, ஒருத்தரோட ஒருத்தர் பேசிப் பரிந்துரை கொடுத்தாங்க. அரசியல்வாதிகள் பல வருஷமாத் தொடப் பயந்த விஷயம். 2018 மே 25-ல பொதுவாக்கெடுப்பு, 66.4 சதவீதம் பேர் தடையை நீக்கச் சொன்னாங்க.

உத்திரமேரூருக்கும் அயர்லாந்துக்கும் கருவி ஒண்ணுதான், குலுக்கல். குடத்துக்குள்ள போட்ட பேருங்கதான் வேற. அதோட அயர்லாந்துல இன்னொரு விஷயம் இருந்துச்சு. சொன்னதுக்கு அரசாங்கம் பதில் சொல்லியே ஆகணும்ங்கிற ஏற்பாடு. நம்ம கிராம சபையில பேர் உள்ளே வந்தாச்சு, வாயும் திறந்தாச்சு. இன்னும் வராதது இந்தப் பதில்தான். போன தடவை போட்ட தீர்மானம் என்ன ஆச்சுன்னு அடுத்த கிராம சபையில முதல் வேலையா வாசிக்கணும்னு ஒரு பழக்கம் வந்தாலே பாதிக் கிணறு தாண்டின மாதிரி.

இதுல நகரத்துக்காரங்க எங்க வர்றோம்?

இப்போ ஒரு வேடிக்கை. இவ்வளவு நேரம் நன்னிலம் நன்னிலம்னு சொன்னேன் இல்லையா, நன்னிலம் ஊருக்குள்ள கிராம சபை கிடையாது. ஏன்னா அது பேரூராட்சி. கிராம சபை ஊராட்சிகளுக்கு மட்டும்தான். ஊர் எல்லையைத் தாண்டி அடுத்த ஊராட்சிக்குப் போனா, ஒரு விவசாயத் தொழிலாளிக்கு எழுந்து நின்னு வரவு செலவைக் கேட்கிற உரிமை இருக்கு. கடைத்தெருவுல இருக்கிறவருக்கு அந்த உரிமை 1994 சட்டத்துல வரலை. சென்னை, கோயம்புத்தூர், மதுரையில இதைக் கேட்டுக்கிட்டு இருக்கிற உங்களுக்கும் வரலை. நாம படிச்சவங்க, கிராமத்துக்காரங்களுக்கு ஜனநாயகம் சொல்லிக்கொடுக்கணும்னு பேசுறோம். உரிமைக் கணக்குல அவங்க நம்மளைவிட ரொம்ப வருஷம் முன்னாடி இருக்காங்க.

நகரங்களுக்கு 2022-லதான் விதிகள் வந்தது, வார்டு கமிட்டி, பகுதி சபான்னு. ஏரியா சபைன்னும் சொல்றாங்க. 2022 நவம்பர் 1-ம் தேதி தாம்பரம் மாநகராட்சி பம்மல்ல முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் ஒரு ஏரியா சபைக் கூட்டத்துல கலந்துக்கிட்டார். உங்க வார்டுல ஏரியா சபை எப்போ கூடுச்சு? உங்க கவுன்சிலர் பேரு என்ன? பதில் தெரியலைன்னா கவுன்சிலர் அலுவலகத்துல போய்க் கேளுங்க. கேட்கிறதுக்கு உங்களுக்கு உரிமை இருக்கு.

டெல்டா பக்கமும் நிலைமை நிம்மதியா இல்லை. 2019 டிசம்பர்ல தேர்ந்தெடுத்த ஊராட்சிகளோட அஞ்சு வருஷம் 2025 ஜனவரி 5-ல முடிஞ்சுது. திருவாரூர் மாவட்டமும் அதுல ஒண்ணு. அடுத்த தேர்தல் அதுக்குள்ள நடக்கலை, திரும்பவும் தனி அலுவலர்கள் வந்தாங்க. 2016-ல நடந்ததே திரும்ப நடந்தது. உத்திரமேரூர்ல 360 நாள் ஆனா இறங்கியே ஆகணும், அடுத்த குடம் வந்தே ஆகணும். தேதி தவறினா அது எவ்வளவு பெரிய இழப்புன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருந்தது.

அதனால அடுத்த தடவை அந்த வாட்ஸ்அப் மெசேஜ் வந்தா, கைகூப்பி எமோஜி போட்டுட்டு விட்டுடாதீங்க. சொந்த ஊர் கிராமம்னா, அடுத்த கிராம சபை நாள்ல அங்க இருக்கிற அம்மா, சித்தப்பா, கூடப் படிச்ச ஃப்ரெண்டு யாருக்காவது போன் பண்ணி, கூட்டம் நடந்துச்சா, யார் பேசினாங்க, என்ன தீர்மானம் போட்டாங்கன்னு கேளுங்க. சிட்டின்னா உங்க ஏரியா சபைக்குப் போங்க. தெரு விளக்கோ, மழைநீர் வடிகாலோ, ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கிட்டு எழுந்திருங்க. "குறிச்சுக்கிறோம்"னு சொல்வாங்க. உட்காராதீங்க. எழுதி வாசிச்சுக் காட்டச் சொல்லுங்க.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.